காயாத பச்சைக் கதவு

கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் கல்யாணத்துக்குப் பீரோ வாங்கிய வீடு எதுவாக இருந்தாலும் போய்ப் பாருங்கள். பச்சைப் பீரோவாக இருந்து, அதன் கதவில் உங்கள் மீசை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால், அது சாம்சன் கையால் பெயிண்ட் அடித்தது. முகம் கலங்கலாகத் தெரிந்தால் வேறு எவனோ அடித்தது. சாம்சன் இதை டீக்கடையில் தொடங்கி சர்ச் வாசல் வரைக்கும் பல பேரிடம் சொல்லியிருக்கிறார். ஒருத்தரும் மறுத்துப் பேசியதில்லை. உண்மையை எப்படி மறுப்பது?

எட்டாம் வகுப்பில் பாதி தாண்டியவர். அப்பா சோழவரம் பக்கம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு இறங்கியவர். நான் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு சாம்சன் சிப்காட்டில் ஒரு பீரோ கம்பெனியில் தரை பெருக்கச் சேர்ந்தார். பெருக்கிக்கொண்டே பார்த்தார். பார்த்துப் பார்த்தே பெயிண்ட் கன் பிடிக்கக் கற்றார். கம்பெனியை இழுத்து மூடுகிற வரைக்கும் அந்த ஸ்ப்ரே பூத் அவருடைய ராஜ்ஜியம். அவர் கன்னை எடுத்தால் பக்கத்தில் ஒரு குரல் கேட்காது. அந்தச் சம்பாத்தியத்தில்தான் ஓலை இருந்த இடத்தில் தளம் போட்டார். மேலே மாடிக்குக் கம்பி விட்டார். வாசற்கதவை மட்டும் சென்னையில் இடித்த ஒரு பழைய பங்களாவிலிருந்து டெம்போவில் போட்டுக் கொண்டுவந்தார். பர்மா தேக்கு. ரெண்டு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. காலனியில் வேறு யார் வீட்டில் இருக்கிறது அப்படி ஒரு கதவு?

இப்பேர்ப்பட்ட சாம்சனுக்குத்தான் இந்தச் சித்திரை மாதத்தில் புத்தி குழம்பிப்போனது.

ஒரு திங்கட்கிழமை காலையில் தொடங்கியது அது. சாம்சன் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருமகள் அருணா போனைக் கையில் பிடித்தபடி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை கிறிஸ்டினா.

"மாமா, எங்கப்பா ஞாயித்துக்கெழம வர்றாராம்."

"எங்க?"

"இங்கதான். பாப்பாவைப் பாக்க."

சாம்சன் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். அருணா ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா பரசுராமன், நெல் விளைகிற சொந்த நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறவர். சாம்சனின் மகன் ஸ்டீவன் வேலை பார்த்த கம்பெனியிலேயே அவளும் வேலை பார்த்தாள். ரெண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து பரசுராமன் மகளோடு பேசவில்லை. பேத்தி பிறந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் ஒளித்து ஒளித்துப் போனில் பேசுவாள்.

"வரட்டுமே. தாராளமா வரட்டும்."

"வருவாரு மாமா. ஆனா ஊட்டுக்குள்ள வருவாரான்னு தெரில. வாசல்லயே நின்னு கொயந்தையைப் பாத்துட்டு கெளம்பிடலாம்னு அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காராம்." அருணா குழந்தையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். "அப்டி வாசலோட திரும்பிப் போனாருன்னா, நான் இனிமே அவர் மூஞ்சில முழிக்க மாட்டேன் மாமா. சத்தியமா."

ஏன் உள்ளே வரமாட்டார் என்று யாரும் கேட்கவில்லை. சாம்சனின் அப்பா கூலி வாங்கப் போனால் கழனிக்காரர் வீட்டுக் கொல்லைப்பக்கம் நின்றுதான் வாங்குவார். அந்த மாதிரி வீட்டு ஆள் இந்த மாதிரி வீட்டு வாசற்படி ஏறியதை இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

சாம்சன் எழுந்து போய் வெளியே ரோட்டில் நின்று, பரசுராமன் நிற்கப்போகிற இடத்தில் நின்று, தன் வீட்டைப் பார்த்தார். கதவில் பழைய வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து தொங்கியது. தெருப்பக்கம் திறக்கிற ஜன்னல் கதவுகள் மூன்று ஜோடியும் வெயிலில் வெளுத்து, பல் விழுந்த கிழவன் மாதிரி இருந்தன. வாசலோடு நிற்கப்போகிறவருக்குக் காட்ட வாசல்தானே இருக்கிறது? கதவைப் பார்த்த பார்வையிலேயே, உள்ளே என்ன இருக்கிறதோ என்று ஆசை வர வேண்டும். அப்படி யோசித்தார் சாம்சன். யோசனையில் தப்பில்லை.

"நைனா, அன்புராஜு பெயிண்டரைக் கூப்டவா? அர நாள்ல முடிச்சிடுவான்," என்றான் ஸ்டீவன்.

"யாரு ஊட்டுக்குடா பெயிண்டரு? சாம்சன் ஊட்டுக்கா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்கடா."

"கடைல பெயிண்டாவது வாங்கியாரட்டா?"

"கடை பெயிண்டா! மாடிப்படி கீழ இருக்குது பாரு, அதுக்குப் பேரு பெயிண்ட்டு."

கம்பெனியை மூடியபோது, பாதி தீர்ந்த டின்களை வேண்டுகிறவர்கள் எடுத்துப்போகலாம் என்று கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஃபேனையும் நாற்காலியையும் தேடினார்கள். சாம்சன் தன் பச்சையில் ஒரு டின்னை எடுத்துவந்தார். வாயில் பிளாஸ்டிக் தாள் போட்டு, மூடியை அடித்து இறுக்கி, பத்திரமாக வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை அதைத் திறந்தபோது நேற்றுக் கலக்கியது போல இருந்தது. ஆடை கூடக் கட்டவில்லை.

"பாத்தியா! பாத்தியாடா!" என்றார் மகனிடம். ஸ்டீவன் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டே தலையாட்டினான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பிரைமர் அடித்தார். புதன்கிழமை காலையில் பச்சையைத் தொட்டார். கன் இல்லாமல் பிரஷ்ஷால் அடிப்பது அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் பெயிண்ட் பெயிண்ட்டுதான். பிரஷ் போன கோடு தெரியாமல் தானே பரவி, தானே சமமாகி, கதவு கண்ணாடி ஆனது. எதிர்வீட்டு மேரி துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்ணே, இதுல பாத்து தல வாரிக்கலாம் போலக்கீதே!"

"வாரிக்க. நாளைக்கி வந்து வாரிக்க. இன்னிக்கி கிட்ட வராத."

கதவு முடிந்ததும் டின் காலி. ஜன்னல் கதவுகளுக்கு வேறு வழியில்லை. ஸ்டீவன் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, டின் மூடியைக் காட்டி, கடையில் மெஷினில் அதே பச்சையைக் கலந்து வாங்கிவந்தான். சாம்சன் முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். "கஞ்சித் தண்ணி," என்றார். அன்று சாயங்காலமே மூன்று ஜோடி ஜன்னலுக்கும் வேண்டா வெறுப்பாக அடித்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலையில் ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. கதவைத் தொட்டார். கட்டைவிரல் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பிசுக் என்று சத்தம் வந்தது.

"நல்ல பெயிண்ட்டு மெதுவாத்தான் காயும்," என்றார் மனைவி சுகிர்தாவிடம். அவள் கேட்கவே இல்லை. இவராகச் சொன்னார்.

அன்று வெயில் எப்படிப்பட்ட வெயில்! கொடியில் போட்ட துணி, போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மொடமொடவென்று ஆனது. வெள்ளிக்கிழமையும் அதே வெயில். கதவு மட்டும் அப்போதுதான் அடித்த மாதிரியே பளபளவென்று ஈரமாக நின்றது. வேப்பம்பூ பறந்து வந்து ஒட்டியது. கோழி இறகு ஒன்று ஒட்டியது. ஒரு தும்பி வந்து உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் தவித்தது. சாம்சன் ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்த தடம் கொஞ்ச நேரத்தில் தானே மூடிக்கொண்டது. அதைப் பார்த்ததும் ஊக்கைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரே கை. ஒரே பிரஷ். ஒரே வெயில். கஞ்சித் தண்ணி காய்ந்துவிட்டது, கம்பெனி பெயிண்ட் காயவில்லை. இது எப்படி? தலைகீழாக நடந்திருந்தால் நியாயம் உண்டு.

காலனியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பழவேற்காட்டுப் பக்கமிருந்து உப்புக்காற்று அடிக்கிறது என்றார் ஒருவர். அப்படியானால் ஜன்னலுக்கு மட்டும் வேறு காற்றா? தின்னர் கலப்படம் என்றார் இன்னொருவர். சாம்சன் தின்னரே ஊற்றவில்லை. மேரிதான் கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காத. அது இடிச்ச ஊட்டுக் கதவு. அந்த ஊட்டுல இன்னா நடந்துச்சோ, யாரு கண்டா? சில மரம் எதையும் ஏத்துக்காது."

"சும்மா போ மேரி. மரத்துக்கு இன்னா தெரியும்?"

போகச் சொல்லிவிட்டாரே தவிர, அவள் போனபிறகு கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தில் எண்ணெய் இருக்குமோ? தேக்கில் எண்ணெய் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்களே. சோதித்துவிடலாம் என்று டின்னின் அடியை வழித்து, ஒரு பலகையில் தடவினார். ஒரு தகரத்தில் தடவினார். உடைந்த கண்ணாடித் துண்டிலும் தடவினார். மூன்றையும் மொட்டைமாடியில் கொளுத்துகிற வெயிலில் வைத்தார். மதியம் சோற்றை முடித்துவிட்டு ஏறிப் போய்த் தொட்டால், மூன்றும் ஈரம். அப்படியானால் கதவு மேல் குற்றம் இல்லை. பெயிண்ட் மேல் குற்றம். பெயிண்ட் மேல் எப்படிக் குற்றம் இருக்கும்? இதே பச்சையை அடித்த பீரோவை மறுநாளே லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்களே! ஒரு பீரோவாவது கையில் ஒட்டியது என்று திரும்பி வந்ததுண்டா?

பச்சைக் கைகளோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார் சாம்சன். குழந்தை தவழ்ந்து வந்து கதவில் கை வைத்துவிட்டது. அருணா அதன் கையை எண்ணெய் போட்டுத் துடைத்தாள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள காஞ்சிடும்மா," என்றார்.

"சரிங்க மாமா."

"வெயில் இன்னும் ஏறும்."

"சரிங்க மாமா."

சனிக்கிழமை சுகிர்தா அவருக்குத் தெரியாமல் வெங்கடேசனுக்குப் போன் போட்டாள். அதே பீரோ கம்பெனியில் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்தவர் வெங்கடேசன். ஸ்ப்ரே பூத்தில் சாம்சன் அடிக்கிற பீரோ சங்கிலியில் தொங்கிக்கொண்டே சுவரில் உள்ள ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் ஓவன், பீரோவைச் சூடு பண்ணுகிற பெரிய அடுப்பு. அந்த அனலில் வேலை பார்த்து வெங்கடேசனுக்குப் புருவமே பாதிதான் இருக்கும். அவர் ஸ்கூட்டியிலிருந்து இறங்கி, கதவுப் பக்கத்தில் வந்து, ஒரு விரலால் தொட்டார். முகர்ந்தார். சாம்சனைப் பார்த்தார்.

"யோவ் சாம்சா, இது நம்ம கம்பெனி பச்சையா?"

"ஆமா. ஏன்?"

"இத்தக் கதவுல அடிச்சியா?"

"பின்ன, மூஞ்சிலயா அடிச்சிப்பாங்க?"

"யோவ், இது ஓவன்ல வெந்தாத்தான்யா காயும்!"

சாம்சனுக்குப் புரியவில்லை. "ஓவன்ல வெச்சா சீக்கிரம் காயும். வெக்கலன்னா மெதுவா காயும். அதான?"

"காயாது."

"மெதுவாக்கூடவா?"

"வர்ற பொங்கலுக்கும் காயாது, அதுக்கு அடுத்த பொங்கலுக்கும் காயாது. இதும் மேல வெயில் பட்டா இது குளிரு காயும், அவ்ளோதான்."

"அப்போ அந்த ஓவன் லாரிக்கு இல்லையா?"

"இன்னாது? லாரிக்கா?"

சாம்சன் விளக்கினார். லாரி நிற்கும், லோடு போக வேண்டும், மேனேஜர் கத்துவார். அந்த அவசரத்துக்காகத்தான் சூடு பண்ணுகிறார்கள் என்று இத்தனை வருஷமும் அவர் நினைத்திருந்தார். அவசரமில்லாத வீட்டில் அவசரமில்லாமல் காயட்டுமே என்றுதான் விட்டுவைத்தார். இதைக் கேட்ட வெங்கடேசன் ஸ்கூட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார்.

"நானு அந்த அனல்ல வெந்து செத்தது லாரி டிரைவருக்குன்னு நெனச்சிக்கினு இருந்தியாய்யா?"

"இல்லய்யா... அப்போ நான் அடிச்சதெல்லாம்?"

"நீ ஈரம் பண்ணி அனுப்புவ. நானு காய வெப்பேன். அவ்ளோதான் நம்ம ரெண்டு பேரோட கத."

சாம்சனுக்கு அது விளங்கியது, விளங்காமலும் இருந்தது. முகம் தெரிகிற பளபளப்பு அவர் கையால் வந்ததா, அந்த அடுப்பால் வந்ததா? இத்தனை நாள் யாருடைய பெருமையை யார் பேசிக்கொண்டிருந்தது? அதை யோசிக்க அப்போது நேரமில்லை. விடிந்தால் ஞாயிறு.

"இப்போ இன்னாய்யா பண்றது?"

"தின்னர் ஊத்தித் தொடச்சா வந்துடும். இப்பவே ஆரம்பி."

அதைக் கேட்டதும் சுகிர்தா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "ஒண்ணும் வாணாம்ண்ணா. பச்சக் கொயந்த இருக்கற ஊடு. ஊடெல்லாம் தின்னர் நாத்தம் அடிச்சா, வர்றவரு வாசல்லயே மூக்கப் பொத்திக்கினு திரும்பிடுவாரு. கதவ நல்லாத் தொறந்து செவுத்தோரமா வெச்சிடலாம். யாரும் தொடாமப் பாத்துக்கினா போதும். மிச்சத்த அவரு போனப்புறம் பாத்துக்கலாம்."

அவள் சொன்னதுதான் முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து சாம்சன் வெள்ளைச் சட்டையைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை. அவருக்கு இன்னொரு குழப்பம் வந்திருந்தது. பரசுராமனை என்னவென்று கூப்பிடுவது? சம்பந்தி என்றால், அவர் ஒத்துக்கொள்ளாத உறவை இவர் மேலே விழுந்து கொண்டாடுவது போல் ஆகும். ஐயா என்றால் அப்பா கொல்லையில் நின்றது போல் ஆகும். அண்ணா என்றால் யாருக்கு யார் அண்ணன்? கண்ணாடி முன்னால் நின்று, "வாங்க சம்பந்தி" என்று சத்தமில்லாமல் வாயை அசைத்துப் பார்த்துக்கொண்டார். கௌரவமாகத்தான் இருந்தது.

கார் வந்தது. அருணாவின் அம்மா கார் நிற்கும் முன்பே கதவைத் திறந்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு ஓடிவந்து, மகளையும் பேத்தியையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, அப்படியே உள்ளே போய்விட்டாள். பரசுராமன் மெதுவாக இறங்கினார். நெட்டையான ஆள். முழங்காலில் கோளாறு போல, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். கேட்டைத் தாண்டி, படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"வாங்க ஐயா," என்று சொல்லிவிட்டார் சாம்சன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பரசுராமன் தலையை ஆட்டினார். ஜன்னல் கதவுகளைப் பார்த்தார். மாடியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்தார். சுகிர்தா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வழியிலயே குடிச்சிட்டோம்மா," என்றார் அவர்.

சுகிர்தா சொம்போடு நின்றாள். ஸ்டீவன் தரையைப் பார்த்தான். அருணா குழந்தையோடு நிலைப்படிக்கு வந்துவிட்டாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் கால் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கிறிஸ்டினா அவரைப் பார்த்து ரெண்டு கையையும் நீட்டி, எச்சில் ஒழுகச் சிரித்தது. அது யாரைப் பார்த்தாலும் கை நீட்டுகிற குழந்தை. அவருக்கு அது தெரியுமா? செருப்பைக் காலாலேயே கழற்றினார். ஒரு படி ஏறினார். ரெண்டாவது படிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தாங்கிக்கொள்ள ஒரு கை, நிலையை ஒட்டி உள்பக்கமாகத் திறந்திருந்த கதவின் ஓரத்துக்குப் போனது.

"தொடாதீங்க!"

சாம்சன்தான் கத்தினார். எதிர்வீட்டில் மேரி வெளியே வந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினார்.

பரசுராமனின் கை அந்தரத்தில் நின்றது. சாம்சனின் அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயிலிருந்து கேட்ட வார்த்தை அது. கிணற்றடியில் கேட்டது. டீக்கடையில் டம்ளரை எடுக்கப் போனபோது கேட்டது. அது தன் வாயிலிருந்து, தன் வீட்டு வாசலில், இந்த மனுஷனைப் பார்த்து எப்படி வந்தது? வந்தது சரியா, தப்பா? மனசில் இப்போது என்ன இருக்கிறது, வெட்கமா, வேறு ஏதாவதா? ஒன்றும் பிடிபடவில்லை.

பரசுராமன் முகம் சுருங்கியது. "என்னையா சொல்றீங்க?"

"இல்லைங்க, கதவு... பெயிண்ட்டு ஈரங்க. புதன்கெழம அடிச்சது. காயலங்க. காயாதாம். ஓவன்ல வெக்கணுமாம், நான் லாரிக்குன்னு நெனச்சிட்டேன்..." என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சாம்சன் முழுக் கதையையும் கொட்டினார். பீரோ, சங்கிலி, வெங்கடேசன், கஞ்சித் தண்ணி, தும்பி, எல்லாவற்றையும்.

பரசுராமன் ஏறிய படியிலேயே நின்று கேட்டார். அவர் முகத்தில் கோபம் போய், கதை கேட்கிற ஆவல் வந்தது.

"புதன்கெழமையா? இந்த வெயில்லயா? இன்னும் காயல?"

"காயலங்க."

"சும்மா சொல்லாதீங்க."

"ஆண்டவர் மேல சத்தியமாங்க."

பரசுராமன் கதவைப் பார்த்தார். பிறகு, ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கை முழுக்கக் கதவில் பதித்து எடுத்தார். பிசுக் என்றது. கையைத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டு வரைக்கும் பச்சை.

"அட, ஆமாம்பா!" என்றார்.

முதலில் சிரித்தது யார் என்று பிறகு அந்த வீட்டில் ரொம்ப நாள் சண்டை நடந்தது. சுகிர்தா என்கிறான் ஸ்டீவன். மேரி என்கிறாள் சுகிர்தா. எப்படியோ, அடுத்த நிமிஷம் பரசுராமன் பச்சைக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிலும் பட்டுவிடக்கூடாதே என்று ஒருக்களித்து, நிலைப்படியைத் தாண்டி ஹாலுக்குள் வந்து நின்றார். "எங்க கழுவறது?" என்று கேட்டார்.

"தண்ணிக்குப் போவாதுங்க. இப்டி ஒக்காருங்க," என்றார் சாம்சன்.

சோபாவில் உட்கார்ந்தார் பரசுராமன். சாம்சன் மண்ணெண்ணெயும் பழைய வேட்டித் துணியும் எடுத்துவந்து கீழே உட்கார்ந்தார். பிறகு, கீழே எதற்கு உட்கார வேண்டும் என்று தோன்றி, எழுந்து அவர் பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்தார். "காட்டுங்க," என்று மணிக்கட்டைப் பிடித்தார். ஏர் பிடித்த கை, கெட்டியான கை. ஒவ்வொரு விரலாக, நகக்கண் உட்பட, துடைத்தார். துடைக்கிற வேலையில் சாம்சனுக்கு ஈடு யாரும் இல்லை. அதில் எந்த அடுப்புக்கும் பங்கு கிடையாது. கிறிஸ்டினா தாத்தாவின் மறு கையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"நானும் எங்க டிராக்டர் டிரெய்லருக்குப் பெயிண்ட்டு அடிச்சிருக்கேன்," என்றார் பரசுராமன் கடைசியில். "மறுநாளே காஞ்சிடுச்சி."

"அது கடை பெயிண்ட்டா இருக்கும்ங்க."

"ஆமா, கடைலதான் வாங்குனேன்."

"கடை பெயிண்ட்டு நல்லதுதாங்க," என்றார் சாம்சன். சுகிர்தா காப்பி டம்ளரோடு வந்தவள் இதைக் கேட்டு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

காப்பியைக் குடித்தார். பிரியாணி இறக்கி வைத்திருக்கிறது, சாப்பிட்டுப் போகலாம் என்று ஸ்டீவன் சொன்னான். "கையில நாத்தம் போவல. இன்னொரு நாள் ஆவட்டும்," என்றார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். மகளிடம் ரெண்டு வார்த்தை பேசினார். என்ன வார்த்தை என்று யாருக்கும் கேட்கவில்லை. அருணா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினாள். கிளம்பும்போது கதவுக்குப் பக்கத்தில் நின்று, தன் கைத்தடத்தைப் பார்த்தார். அது ஓரங்களில் மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

"இத மொத்தமா தொடச்சி எடுத்துட்டு வேற அடிச்சிடுங்க. அடுத்த தபா வரும்போது காஞ்சிருக்கணும்."

கார் போய்விட்டது. சாம்சன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சொல்லிட்டுப் போறாரு, கேட்டியா?" என்றார் சுகிர்தாவிடம். "காஞ்சிருக்கணுமாம்! என் ஊட்டுக் கதவுக்கு இவரு ஆர்டரு போடறாரு. கழனியில ஆளுக்கு வேல சொல்ற மாதிரி."

"அவரு திரும்பி வரேன்னு சொல்லிட்டுப் போறாருய்யா."

"அதையும்தான் சொன்னாரு. ஆனா சொன்ன தோரணையப் பாத்தியா?"

"தோரணை கெடக்கட்டும். ஈரம்னு சொல்லியும் கைய வெச்சாரே, அது ஏன்?"

"அதான் எனக்கும் தெரில! ஈரம்னு அவ்ளோ தெளிவா சொன்னேன். காது கேக்கலையா, நம்பலையா, இல்ல உள்ள வர்றதுக்கு ஒரு சாக்கு தேடுனாரா? சொல்லு, எது?"

"போய்க் கேளேன்."

"எப்டி கேக்கறது? இன்னான்னு கூப்ட்டு கேக்கறது?"

சுகிர்தா காப்பி டம்ளர்களை எடுக்க உள்ளே போனாள்.

மறுநாள் தின்னர் வாங்கிவந்து, குழந்தையை மேரி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாம்சன் கதவைத் துடைக்கத் தொடங்கினார். அத்தனை நாளும் காயாமல் அடம்பிடித்த பச்சை ஒரே இழுப்பில் துணியோடு வந்தது. மேலிருந்து கீழாக, கைத்தடம் இருந்த இடத்தையும் சேர்த்து, ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் துடைத்தார். பாதி துடைத்துக்கொண்டிருக்கும்போது அவருக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது.

"யம்மா அருணா! உங்கப்பா அடுத்த தபான்னாரே, அது எப்போன்னு கேட்டியா?"

அருணா ஜன்னலுக்கு வந்தாள். "நீங்க கேட்டிருப்பீங்கன்னு நான் கேக்கல மாமா."

"நான் எங்க கேட்டேன்? நீ கேட்டிருப்பன்னு நெனச்சேன். அடுத்த வாரமே வந்துட்டாருன்னா?"

"வந்தாலும் வருவாரு மாமா."

சாம்சன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"ஸ்டீவனுக்குப் போன் போடு. கடைல இருக்கறதுலயே சீக்கிரம் காயற பெயிண்ட்டா பாத்து வாங்கினு வரச் சொல்லு."